பாலத்தடி, பிரான்ஸ்

பிரான்சில் உள்ள ஒரு சின்னஞ்சிறிய ஊரைப் பற்றி என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆறு எந்தப் பக்கத்தால் வருகிறது, எங்கே வளைகிறது, தேவாலயத்துக்கும் பாலத்துக்கும் இடையில் எத்தனை வீடுகள், பள்ளிக்கூடத்தை ஏன் மூடினார்கள், திராட்சைத் தோட்டங்கள் எப்படி மாட்டுப் புல்வெளிகள் ஆயின, எல்லாம் சொல்வேன். அந்த ஊரில் என் கால் பட்டதில்லை. சிட்னியில், ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மாடி வீட்டில், குசினி மேசையில் இருந்தபடி நான்கு கிழமைகளில், அதாவது இருபத்தெட்டு நாளில், படித்து முடித்தேன். பல்கலைக்கழகத்தில் நான் படிப்பது வரைபடவியல் என்பதால் ஆர்வத்தில் படிக்கிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கவிட்டேன். நான் படித்தது பயத்தில்.

ஊருக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு. எழுதும்போது நீளமாக இருக்கும். வாசிக்கும்போது பாதி எழுத்துகளுக்குச் சத்தமே கிடையாது. அண்ணியின் அப்பா, எனக்கு மாமா, அதைச் சொல்லிப் பார்த்து நாக்குச் சுளுக்கி, கடைசியில் தன் வசதிக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்: பாலத்தடி. ஆலடி, புளியடி, சந்தியடி என்று சொல்லிப் பழகிய வாய். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் அது பாலத்தடிதான். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அண்ணி பிறந்தது அங்கே. அகதிகளாகப் போன மாமாவையும் மாமியையும் அந்த நாட்டு அரசு பரிஸில் வைத்திருக்கவில்லை. பல மணிநேரத் தூரத்தில், இரண்டு குன்றுகளுக்கு நடுவே, கன்னியாஸ்திரிகள் விட்டுப்போன ஒரு பழைய மடத்தில் வேறு பத்துக் குடும்பங்களோடு தங்கவைத்தது. மாமிக்கு வலி எடுத்த அன்று, நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தீயணைப்புக்காரரின் வான் வந்தது. அங்கே கிராமங்களில் அதுதான் அம்புலன்ஸ். வான் பாலத்தில் ஏறுவதற்குள் அண்ணி பிறந்துவிட்டார். எந்த ஊர் எல்லைக்குள் பிள்ளை பிறக்கிறதோ அந்த ஊரில்தான் பதிவு என்பது அங்கே சட்டம். அதனால், ஆஸ்பத்திரியே இல்லாத, பல வருடமாக ஒரு பிள்ளையும் பிறக்காத ஊரின் பதிவேட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் பெயர் ஏறியது. அண்ணிக்கு இரண்டு வயதாகும்போது குடும்பம் பரிஸ் பக்கம் வந்துவிட்டது. அதன்பின் யாரும் அங்கே திரும்பிப் போகவில்லை.

இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். விசா விண்ணப்பத்தை நிரப்பிய அன்று தெரியாது.

அண்ணாவுக்கும் அண்ணிக்கும் பரிஸில் கலியாணம் நடந்து, அண்ணா மட்டும் சிட்னிக்குத் திரும்பி வந்த கையோடு அண்ணியை இங்கே கூப்பிட விசாவுக்கு விண்ணப்பிக்கும் வேலை என்னிடம் வந்தது. அண்ணாவுக்குப் பிளாக்டவுன் பக்கம் ஒரு களஞ்சியசாலையில் மாறி மாறி சிப்ட். "நீதானே எங்கடை வீட்டுக் கெட்டிக்காரி, நீயே செய்து விடு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ரயிலில் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தட்டித் தள்ளினேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் மட்டும் நின்றேன். அண்ணி வேலையில் இருந்ததால் மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"மாமா, அண்ணி எங்கை பிறந்தவா?"

"அவளோ? அவள் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலை பாலத்தடியிலை பிறந்தவள் பிள்ளை!" என்று சொல்லிவிட்டு மாமா தானே விழுந்து விழுந்து சிரித்தார். ரயில் சுரங்கத்துக்குள் போய்த் தொடர்பு அறுந்தது.

நான் கெட்டிக்காரி அல்லவா? யோசித்தேன். பரிஸுக்கு நடுவே ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு மேலே எத்தனையோ பாலங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில். எல்லாம் பொருந்தியது. தவிர, எங்கள் வீட்டில் பிரான்ஸ் என்று ஒரு நாடே கிடையாது; பரிஸ்தான் உண்டு. சம்பந்தம் பேசிய நாளிலிருந்தே அம்மாவுக்கு அண்ணி "பரிஸ் பொம்பிளை". மெல்பேணுக்கு வெளியே வெரிபீயில் புதுக் குடியிருப்பில் இருக்கும் சித்தப்பாவை "மெல்பேணிலை இருக்கிறார்" என்கிறோம், அவர் மெல்பேண் நகரத்தைக் கண்டே மாதங்கள் ஆகியிருக்கும். அதுபோலத்தான். பரிஸ் என்று தட்டினேன்.

அடுத்த கட்டம்: இந்த விண்ணப்பத்தை நிரப்ப யாராவது உதவினார்களா? ஓம் என்றால் இன்னும் ஒரு பக்கம் திறந்தது, என் பெயர், விலாசம், உறவு எல்லாம் கேட்டது. இறங்க வேண்டிய நிலையம் வந்துகொண்டிருந்தது. இல்லை என்று அழுத்தினேன்.

பிறகு அண்ணி கடவுச்சீட்டின் படமும், புதிதாக எடுத்த பிறப்புப் பத்திரப் பிரதியும் அனுப்பினார். கடவுச்சீட்டில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் நீளமாக ஏதோ இருந்தது. ஹோம்புஷ்ஷும் சிட்னி, பிளாக்டவுனும் சிட்னி. இதுவும் பரிஸின் ஏதோ ஒரு மூலையாக இருக்கும் என்று ஏற்றிவிட்டேன். "பொறுங்கோ மச்சாள், ஒருக்கா வடிவாப் பாத்துப்போட்டு அனுப்புவம்" என்று அண்ணி எழுதியிருந்தார். அந்தச் செய்தியை நான் பார்த்தபோது விண்ணப்பம் போய்விட்டிருந்தது. "டோன்ட் வொறி அண்ணி, எல்லாம் சரி" என்று பதில் போட்டேன்.

கடிதம் ஒரு புதன்கிழமை மின்னஞ்சலில் வந்தது. அண்ணா வேலைச் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் இருந்து வாசித்தார். விண்ணப்பத்தில் பிறந்த இடம் பரிஸ். கடவுச்சீட்டில் வேறொரு ஊர். பிறப்புப் பத்திரத்தின் புதிய பிரதியிலும் முத்திரையிலும் மூன்றாவதாக ஒரு ஊர். மூன்றும் ஒரே ஆளைப் பற்றியவை என்பதை விளக்க இருபத்தெட்டு நாள். தவறான தகவல் தந்ததாக முடிவானால் விசா மறுக்கப்படலாம், அதன்பின் மூன்று வருடத்துக்கு வேறு விசாவும் கிடைக்காமல் போகலாம்.

"மூண்டு வருசம்" என்றார் அண்ணா. பிறகு என்னைப் பார்த்தார். "பரிஸ் எண்டு ஆர் போட்டது?"

கேள்வி சின்னது. பதில் அதைவிடச் சின்னது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "அண்ணியைக் கேட்டுத்தானே போட்டனான்."

அண்ணா அப்போதே அண்ணிக்கு எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். அங்கே காலை, அண்ணி ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"நீர் பரிஸிலை பிறந்தனான் எண்டு இவளுக்குச் சொன்னனீரோ?"

நான் மேசை விரிப்பில் இருந்த ஒரு கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சாள் பக்கத்திலை நிக்கிறாவோ?" என்று கேட்டார் அண்ணி.

"ஓம், நிக்கிறாள். அதுக்கென்ன?"

"ஓம்" என்றார் அண்ணி மெல்ல. "நான் சொல்லியிருப்பனாக்கும்."

"சொல்லியிருப்பனாக்கும் எண்டால்? பிறந்த இடம் தெரியாமலோ வளந்தனீர்? மூண்டு வருசம் எண்டால் என்னெண்டு விளங்குதே உமக்கு?" அண்ணா அப்படிக் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா சாமி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அண்ணி போனை வைத்துவிட்டார். அதன்பிறகு இரண்டு கிழமை அவர்கள் இருவரும் கடிதத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள், அதுவும் எழுத்தில்.

நான் அந்த இரண்டு கிழமையும் பாலத்தடிக்குள் ஒளிந்திருந்தேன்.

ஒளிவதற்கு அது நல்ல ஊர். பிரான்சில் எவ்வளவு சிறிய ஊரும் ஒரு கொம்யூன். தனக்கென்று ஒரு மேயர், தனக்கென்று ஒரு அலுவலகம். பிளாக்டவுன் மாதிரி ஒரு பெரிய பட்டினமும் அதைச் சுற்றியுள்ள அத்தனை இடங்களும் ஒரே கவுன்சில் என்று பழகிய எனக்கு, ஒரு பேருந்தில் ஏற்றிவிடக்கூடிய சனத்துக்கு ஒரு மேயர் என்பது வேடிக்கையாக இருந்தது. அந்த மாவட்ட ஆவணக் காப்பகம் இருநூறு வருடத்துக்கு முந்திய காணிப்படங்களை இணையத்தில் போட்டிருந்தது. ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு இலக்கம், பாலம் ஒரு சிவப்புக் கோடு, ஆறு இளநீலம். ஆற்றின் நடுவால் எல்லைக் கோடு போனது. பாலத்தின் இந்தப் பாதி பாலத்தடி, அந்தப் பாதி பக்கத்து ஊர். வான் இன்னும் அரை நிமிடம் ஓடியிருந்தால் அண்ணி வேறு ஊரில் பிறந்திருப்பார்.

சுண்ணாம்புக்கல் நிலம், தெற்கே பார்த்த சரிவு, அதில் திராட்சை. பிறகு வேரைத் தின்னும் பூச்சி வந்து கொடிகள் எல்லாம் பட்டுப்போக, சனம் நகரங்களுக்குக் கிளம்பியது. மிச்சம் இருந்த இளவட்டங்களை முதலாவது உலகப் போர் கொண்டுபோனது. தேவாலயத்துக்கு முன்னால் நிற்கும் நினைவுக்கல்லை யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள்; அதில் உள்ள பெயர்களை எண்ணினேன், இன்று ஆள் இருக்கும் வீடுகளைவிடக் கூட இருந்தன. ரயில் பாதையைக் கழற்றினார்கள். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கடைசியில், சில வருடங்களுக்கு முன், பக்கத்து நான்கு ஊர்களோடு பாலத்தடியைச் சேர்த்து ஒரு புதுப் பெயர் சூட்டி ஒரே கொம்யூன் ஆக்கிவிட்டார்கள். பிறப்புப் பத்திரத்தின் முத்திரையில் இருந்த மூன்றாவது ஊர் அதுதான். கண்டுபிடித்தபோது கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அந்த நீளமான பிரெஞ்சுப் பெயரின் முதல் துண்டுக்குப் பாலம் என்று பொருள். மாமாவுக்குச் சொன்னேன்.

"மெய்யோ? நான் பாலத்தைப் பாத்துத்தான் பிள்ளை வைச்சனான். அவங்களும் அதைப் பாத்துத்தான் வைச்சிருக்கிறாங்கள்." பிறகு குரல் இறங்கியது. "அதெல்லாம் இருக்கட்டும். இவள் ரெண்டு நாளாச் சாப்பிடுறாள் இல்லை. அங்கை ஏதும் பிரச்சினையோ?"

"கடிதப் பிரச்சினைதான் மாமா" என்றேன்.

ஆறு பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதினேன். அண்ணியின் வாயால் சொல்வதுபோல, அவர் கையெழுத்துக்காக. மூன்று வரைபடம் இணைத்தேன். ஐந்தாம் பக்கத்தில், நடுவில், ஒரே ஒரு வரி: என் குடும்பத்தார் பிரான்சைப் பொதுவாகப் பரிஸ் என்று சொல்வதால், நானும் கவனக்குறைவாக அவ்வாறே கூறிவிட்டேன். அந்த வரியை ஒரு தயக்கமும் இல்லாமல் எழுதினேன். அதை நினைத்தால் இப்போதுதான் ஒரு மாதிரி இருக்கிறது.

அண்ணி வாசித்துவிட்டு எனக்குத் தனியாக எடுத்தார்.

"நல்ல வடிவா எழுதியிருக்கிறீங்கள் மச்சாள். எனக்கே தெரியாது என்ரை ஊருக்கு இவ்வளவு கதை இருக்கெண்டு."

"தாங்ஸ் அண்ணி."

"ஆனால் நான் இதிலை கையெழுத்து வைக்கமாட்டன்."

நான் ஐந்தாம் பக்கத்தைத் திறந்தேன்.

"அண்டைக்கு உங்கடை அண்ணாவுக்குச் சொன்னது எங்கடை குடும்பத்துக்குள்ளை. நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள், அவர் கோவத்திலை நிண்டவர், சொல்லிப்போட்டன். இது அப்பிடி இல்லை. நான் சொல்லாததைச் சொன்னனான் எண்டு ஒரு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கேலாது. பிறகு நேர்காணலிலை கேட்டால் நான் என்ன செய்யிறது? அந்தப் பொய்யையும் பாடமாக்கிறதோ?"

"அண்ணி, அதை மாத்தினால் நான்தான் நிரப்பினனான் எண்டு வரும். உதவி செய்தது ஆரும் இல்லை எண்டும் போட்டிருக்கிறன். ரெண்டாவது பிழையும் வெளியிலை வரும். அதாலையே மறுத்துப்போட்டால்?"

இந்த இரண்டாவது பிழை அவருக்கு அதுவரை தெரியாது.

"அண்ணாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப முதலிலை அதைச் செய்யுங்கோ" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தவணைக்கு எட்டு நாள் இருந்த செவ்வாய்க்கிழமை, அண்ணா பிளாக்டவுனுக்கு அரிசியும் மரக்கறியும் வாங்கப் போனார். நானும் வருகிறேன் என்று காரில் ஏறினேன். நெடுஞ்சாலையில் வாகனங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. இறங்கி ஓட முடியாத இடம். சொன்னேன். மாமாவின் பாலத்தடி, ரயில், பரிஸ், உதவிக் கட்டம், அண்ணி கேட்டும் நான் பொறுக்காதது, அண்ணி எனக்காகச் சொன்ன பொய், எல்லாம்.

முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. அண்ணா நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"அண்ணா, பச்சை விழுந்திட்டுது."

அவர் காரை எடுத்தார். ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் திருப்பி, நிறுத்தி, ஸ்டியறிங்கில் இரண்டு கையையும் வைத்தார்.

"நீ எழுதின ஆறு பக்கமும் நான் வாசிச்சனான். திராட்சைக்கு வந்த வருத்தம் இருக்கு. ரயில் பாதை கழட்டினது இருக்கு. நீ விட்ட பிழை எத்தினையாம் பக்கத்திலை இருக்கு?"

"சொறி அண்ணா."

"சொறியை வைச்சு நான் என்ன செய்ய? நான் அவளை என்னெல்லாம் கேட்டனான் தெரியுமே உனக்கு? பிறந்த இடம் தெரியாமலோ வளந்தனீர் எண்டு." அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்ப நான் எந்த முகத்தோடை எடுக்கிறது?"

எடுத்தார். என்னைக் காரைவிட்டு இறங்கச் சொல்லிவிட்டு எடுத்தார். நான் டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் நின்றுகொண்டு, அவர் நெற்றியைத் தேய்ப்பதையும் பேசுவதையும் கண்ணாடி வழியே பார்த்தேன். இருபது நிமிடம். பிறகு கதவைத் திறந்து, "ஏறு. சத்தியக் கடதாசி முடிக்கவேணும்" என்றார்.

பிளாக்டவுன் நூலகத்தில் ஒரு மேசையில், சத்தியக் கடதாசிகளுக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கும் சமாதான நீதவான் ஒருவர் இருந்தார், நரைத்த வெள்ளைக்காரர். ஆறு பக்கத்தைக் கிழித்துப் போட்டு நூலகக் கணினியில் ஒரே பக்கம் எழுதினேன். இந்த முறை என் வாயால், என் கையெழுத்துக்கு. நான்தான் நிரப்பினேன். அவர் பரிஸ் என்று ஒருபோதும் சொல்லவில்லை. அவர் தகப்பன் சொன்ன தமிழ்ப் பெயரை நான் தவறாக விளங்கிக்கொண்டேன். சரிபார்ப்போம் என்று அவர் கேட்டும் பொறுக்கவில்லை. உதவி யாரும் செய்யவில்லை என்று அழுத்தியதும் நான். பாலத்தடியின் வரலாறு இரண்டே வரியில் வந்தது: இந்த ஊர் இப்போது இந்தப் புதிய கொம்யூனின் பகுதி. பெயர் மாறியது, இடம் மாறவில்லை.

"இதில் உள்ளது எல்லாம் உண்மையா? பொய்யென்றால் குற்றம் என்று தெரியுமா?" என்று நீதவான் ஆங்கிலத்தில் கேட்டார். அவர் எல்லோரையும் கேட்கும் கேள்விதான். நான் தேவைக்கு மேல் சத்தமாக யெஸ் என்றேன். பக்கத்து மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இன்னும் ஒரு கடதாசி தேவைப்பட்டது. பழைய ஊரும் புதிய ஊரும் ஒன்றே என்று ஊர் மண்டபமே எழுதித் தரவேண்டும். மின்னஞ்சல் போட்டால், செயலாளர் திங்கள்வரை விடுமுறை என்று தானாக ஒரு பதில் வந்தது. அந்த மண்டபம் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் திறக்கும்; இந்த வெள்ளிக்கிழமை அங்கே அரச விடுமுறை. ஆகவே அடுத்த செவ்வாய் ஒன்றுதான் இருந்தது. புதனோடு தவணை முடியும்.

"நானே மேரிக்குப் போறன்" என்றார் அண்ணி. ஊர் மண்டபத்துக்குப் பிரெஞ்சில் மேரி என்பார்கள்.

அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கலியாணத்தை மேரியில்தான் பதிந்தது என்று அண்ணி முன்பே சொல்லியிருந்ததை அவர் மனதில் வைத்திருந்தார் போலும். தொடர்பு முடிந்ததும் என்னைப் பிடித்தார். "எடியே, உண்மையைச் சொல்லு. அவை சமயம் மாறி வேதத்திலை சேந்திட்டினமோ? எல்லாத்துக்கும் மேரியிட்டை ஓடினமே!"

மூன்று கிழமையில் அண்ணா சிரித்தது அப்போதுதான். "அம்மா, அது கவுன்சில்."

"கவுன்சிலுக்கு ஆரும் மேரி எண்டு பேர் வைப்பினமோ?"

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆறு மணி. அங்கே காலை பத்து. அண்ணி விடியப் புறப்பட்டு இரண்டு ரயில் மாறி, கடைசி நிலையத்திலிருந்து வாடகைக் காரில் பாலத்தடியில் இறங்கினார். வீடியோவில் பாலம் தெரிந்தது. படத்தில் நான் பார்த்த அதே மூன்று வளைவு. ஆற்றில் தண்ணீர் குறைவு.

"மச்சாள், நான் இதிலைதான் பிறந்தனானாம்" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாதபடி படம் ஆடியது.

"நேர போங்கோ அண்ணி. வலப்பக்கம் தேவாலயம் வரும், அதுக்கு எதிர்ப்பக்கம் மேரி." இருநூறு வருடப் படத்தையும் இன்றைய செய்மதிப் படத்தையும் அருகருகே திறந்து வைத்திருந்தேன். என் கைவிரல் நுனியில் அந்த ஊர்.

தேவாலயம் வந்தது. எதிர்ப்பக்கம் மேரியும் வந்தது. கதவு பூட்டியிருந்தது. அண்ணி கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் கமராவுக்குக் காட்டினார். பிறகு அவரே வாசித்தார்.

"இஞ்சை இப்ப வெள்ளிக்கிழமை மட்டும்தானாம். செவ்வாய் எண்டால், சேந்த அஞ்சு ஊரிலை பெரிய ஊரிலையாம். பன்னிரண்டு மணிக்குப் பூட்டுவினம்."

பழைய கொம்யூனின் பழைய நேரங்களை எங்கோ ஒரு பக்கத்தில் பார்த்து நான்தான் அனுப்பியிருந்தேன். இணைத்த பிறகு எல்லாம் மாறும் என்று கண்டுபிடித்துத் துள்ளியதும் நான்தான். பெரிய ஊர் ஏழு கிலோமீற்றர். அண்ணியின் வாடகைக் கார் போய்விட்டது. பேருந்து கிடையாது, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அண்ணா போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். "நீர் நடக்கத் தொடங்கும். வாகனம் வந்தால் கையைக் காட்டும். போனை வைச்சிடும், சார்ஜ் போகும்."

வைத்துவிட்டார். மணி ஆறேகால். அம்மா தேத்தண்ணீர் வைத்தார், யாரும் குடிக்கவில்லை. நான் அந்தப் பாதையைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எங்கே மாட்டுக் கொட்டகை, எல்லாம் தெரிந்தது. அண்ணி எங்கே என்பது மட்டும் தெரியவில்லை. ஏழு மணி. ஏழரை. "ஏழு கிலோமீற்றர் நடக்க எவ்வளவு நேரம் செல்லும்?" என்று அண்ணா கேட்டார். ஒன்றரை மணிநேரம், ஏற்றம் இருப்பதால் கொஞ்சம் கூட என்று சொல்ல வாயெடுத்தேன். முதல்முறையாக, அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஒரு படம் வந்தது. ஒரு தாள், நான்கு வரி, ஒரு கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை. கீழே அண்ணியின் செய்தி: பேக்கரிப் பாண் விக்கிற மனிசி ஒருத்தி தன்ரை வானிலை ஏத்தினவா. பதினொண்டே முக்காலுக்குத்தான் வந்தனான். மேரி நல்லவா எண்டு மாமியிட்டைச் சொல்லுங்கோ.

அண்ணா போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

அன்றே என் சத்தியக் கடதாசியையும் அந்தத் தாளையும் ஏற்றினோம். ஒவ்வொரு பக்கமாக அண்ணா வாசித்தார், அண்ணி அங்கிருந்து வாசித்தார், அதன்பிறகுதான் நான் பொத்தானை அழுத்தினேன். அது போதுமா என்று யாருக்கும் தெரியாது. அதன்பின் ஒன்பது கிழமை. முன்பே நாள் குறித்து அதிகாரி ஒருவர் அண்ணிக்கு எடுத்து, பிறந்த ஊரைப் பற்றிக் கேட்டாராம். அதற்கு முதல் நாள், ஆறு, திராட்சை, நினைவுக்கல் எல்லாம் சொல்லித்தரட்டுமா என்று கேட்டிருந்தேன். "வேண்டாம் மச்சாள், தெரியாததைத் தெரியாது எண்டே சொல்லுறன்" என்றார். அப்படியே சொன்னாராம்: இரண்டு வயதில் வந்துவிட்டேன், ஒரே ஒரு தரம் திரும்பிப் போனேன், மண்டபம் பூட்டியிருந்தது.

விசா ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. அண்ணா வேலையிலிருந்து எடுத்து, "வந்திட்டுது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு இருக்கை காலியாக இருந்தும் ஹோம்புஷ்வரை நின்றுகொண்டே வந்தேன்.

அண்ணி வந்து இரண்டாவது சனிக்கிழமை, ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு எல்லோரும் போனோம். அம்மாவுக்குத் தெரிந்த ஒரு அன்ரி மேசைக்கு வந்து அண்ணியின் கன்னத்தைத் தடவினார்.

"இவதானே உங்கடை பரிஸ் மருமகள்?"

அம்மா "ஓம் ஓம், பரிஸ்தான்" என்றார், எதுவுமே நடக்காதது போல. அண்ணா தோசையிலிருந்து நிமிரவில்லை.

"பரிஸிலையோ பிள்ளை பிறந்தனீங்கள்?"

"இல்லை அன்ரி" என்றார் அண்ணி. "பாலத்தடி."

"பாலத்தடியோ?" அன்ரி நெற்றியைச் சுருக்கினார். "அது ஊரிலை எந்தப் பக்கம்? மானிப்பாய்ப் பக்கமோ?"

அண்ணி என்னைப் பார்த்தார். சொல்லுங்கோ மச்சாள் என்பதுபோல். ஆறும் எல்லைக்கோடும் நான்கு ஊரோடு இணைந்ததும் என் தொண்டை வரைக்கும் வந்தன. நான் சாம்பார் வாளியை எடுத்து அன்ரி பக்கம் நகர்த்தி, "இருங்கோ அன்ரி, அண்ணியே சொல்லுவா" என்றேன்.